சிறுபறையும் பாட்டுப் பெட்டியும்

பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற் பிள்ளைக்கு வகுத்த பருவம் பத்தினுள் சிறுபறை என்பதும் ஒன்று. தளர்நடை பயின்ற குழந்தை, தன் கைக்கடங்கிய சிறிய பறையைக் குறுந்தடி கொண்டு முழக்கி மகிழும் பருவம் அது. பாட்டுடைத் தலைவன் முருகனே ஆயினும் முடிமன்னனே ஆயினும் அவன் கையில் அந்தப் பறையைக் கொடுத்து அழகு பார்க்கப் புலவர்கள் மறந்தாரல்லர். அதற்கு முன்னரே தாலப் பருவம் வந்துவிடுகின்றது. தால் என்பது நா; தாய் தன் நாவை அசைத்துப் பாடுதலின் அது தாலாட்டு ஆயிற்று என்பர். ஆகவே நம் முன்னோர் குழந்தையின் செவிக்கு இரண்டினைக் கொடுத்தனர். தாயின் நா ஒன்று. பிள்ளையின் கைக்கருவி ஒன்று. முன்னையது கேட்டற்கு, பின்னையது தானே முழக்குதற்கு. இன்று இவ்விரண்டிற்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வீட்டினுள் வந்து அமர்ந்திருக்கின்றது. அதுபற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

அதனைப் பாட்டுப் பெட்டி என்றே வழங்குவோம். அதற்குத் திரை இல்லை, படம் இல்லை. மரத்தாற் செய்த ஒரு சிறு பெட்டி. உள்ளே ஓர் ஒலிபெருக்கி. படம் ஒட்டிய அட்டையொன்றைப் பிள்ளை எடுத்துப் பெட்டியின் தலைமேல் வைத்தால் அந்த அட்டைக்குரிய பாட்டு ஒலிக்கும். யானைப் படத்தை வைத்தால் யானைப் பாட்டு. நிலாப் படத்தை வைத்தால் நிலாப் பாட்டு. எழுத்தறியாத மூன்று வயதுப் பிள்ளையும் தானே தேர்ந்து தானே கேட்கலாம். பாட்டு முடிந்ததும் பெட்டி வாய்மூடி இருக்கும். கேளாத ஒன்றைத் தானாக எடுத்து நீட்டாது. இந்தக் கடைசிக் குணத்தின் அருமையைப் பின்னர்ச் சொல்வேன்.

மேனாட்டார் இதனை வணிகப் பொருளாகவும் ஆக்கிவிட்டனர். ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரிலே, பிள்ளைகளின் கையிற் கீறல் விழும் இறுவட்டுகளைக் கண்டு சலித்த தந்தை ஒருவர் தம் நண்பரோடு கூடி உருவாக்கிய 'ரோனிபொக்ஸ்' 2016 ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்தது. அதன் தலையில் அட்டைக்குப் பதிலாக ஒரு பொம்மையை நிறுத்துதல் வேண்டும். இங்கிலாந்தின் 'யோட்டோ' அட்டைகளைக் கொண்டே இயங்குகின்றது. எனக்கு வியப்பூட்டியவை இவை அல்ல. இவற்றைக் கண்ட பெற்றோர் சிலர் 'இதனை நாமே செய்தால் என்ன?' என்று முனைந்து, செய்து, செய்முறை முழுவதையும் எழுதி, வேண்டுவோர் எடுத்துக்கொள்க என்று விலையின்றிப் பொதுவில் வைத்துவிட்டனரே, அதுதான் வியப்பு. இராஸ்பெரி பை என்னும் கையகலக் கணினியைக் கொண்டு செய்வது 'போனிபொக்ஸ்' எனப்படும். அர்டுயினோ என்னும் அதனினும் எளிய தகட்டைக் கொண்டு செய்வது 'ரொனுயினோ' எனப்படும். ஓர் ஏட்டுச் சுவடியைக் கண்ணாற் காண்பதற்குச் சி. வை. தாமோதரம்பிள்ளை எத்தனை வாயில்களில் நின்றார் என்பதை அறிந்த நாம், இந்தத் தாராள மனத்தைச் சற்று நின்று பார்த்தல் தகும்.

நிற்க. வெள்ளவத்தையிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், தொடர்மாடி வீட்டில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர் தம் மூன்று வயது மகளுக்காக இத்தகைய பெட்டியொன்றைச் செய்தார். யாப்பிலக்கணத்திலே சீர் பிரிக்கத் தடுமாறியவர். கம்பி பிரிப்பதில் வல்லவர். உறுப்புகள் யாவும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கியவை. பெட்டி, பழைய சாமிப்படச் சட்டமொன்றின் பலகையாலும் தேயிலைப் பெட்டித் தகட்டாலும் ஆயது. மாலை வேளைகளில் அவர் வீட்டு மேசையருகே அமர்ந்து நான் கண்டதைக் கூறுகின்றேன். பொறியியல் அறியாத பண்டிதன் விளங்கிக்கொண்டதை வாசகரும் விளங்கிக்கொள்வர் அல்லவா?

அலுவலகக் கதவு திறக்கும் அட்டையைப் பலர் கழுத்தில் மாட்டித் திரிகின்றனர். அவ்வினத்தைச் சேர்ந்ததே இவ்வட்டையும். அதனுள்ளே மெல்லிய கம்பிச் சுருளும் கடுகளவான ஒரு சில்லும் உள, பற்றரி இல்லை. பெட்டியின் மூடிக்கு அடியில் இருக்கும் வாசிப்பான், செக்கனுக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் முறை அதிரும் காந்தப் புலமொன்றைத் தன்னைச் சுற்றி எழுப்பிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று அங்குலத் தொலைவுக்குள் அட்டை வந்தவுடன் அப்புலத்திலிருந்தே அது வலுவைப் பெற்றுத் தன் இலக்கத்தைச் சொல்லும். அர்டுயினோ அந்த இலக்கத்தைக் கேட்டு, 'இதற்குரியது எட்டாம் கோப்புறை' என்று தேர்ந்து, பாடுந் தகட்டுக்கு ஆணை விடுக்கும். அத்தகடு பெருவிரல் நகமளவான நினைவட்டையிலிருந்து பாட்டை எடுத்து ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும். இவ்வளவே. தொலைபேசி இணைப்பு வேண்டா; இணையம் வேண்டா; மழை பெய்து மின்சாரம் நின்றாலும் பற்றரியில் உயிர் உள்ளவரை பாடும்.

ஆணை செல்லும் கம்பியிலே ஒரு தடை இடாவிட்டால் பாட்டுக்குப் பின்னே ஓயாத இரைச்சல் ஒன்று கேட்கின்றது. எவ்வளவு தடை என்று வினவினேன். 'ஆயிரம் ஓம், ஐயா' என்றார். ஆயிரம் ஓம் சொன்னால் இரைச்சல் அடங்கும் என்பது நம் பெரியோர் முன்னமே சொல்லியதுதானே என்றேன். அவர் தலைநிமிராமலே கம்பியைச் சுட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். சற்றுப் பொறுத்துத்தான் சிரித்தார்.

இரண்டு செய்திகளை மட்டும் பெற்றோருக்கு அழுத்திச் சொல்லவேண்டும். பாடுந் தகட்டின் ஒலியளவு 0 முதல் 30 வரை படிகள் உடையது. மேல் எல்லையைச் செய்பவரே நிரலில் இறுக்கிவிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வகுத்த அளவின்படி, சிறுவர் செவிக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்பதாயின் 75 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது. கடையில் விற்கும் பாடும் பொம்மைகள் பல காதருகே வைத்தால் அலறுகின்றன. வீட்டிற் செய்தவர் அதனைத் திருத்தலாம். மற்றையது, பற்றரியும் சிறு உறுப்புகளும் திருகாணி இட்ட மூடிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். மூன்று வயதிற்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உலகமெல்லாம் வாய்க்குள் போடும் பண்டமே.

இங்ஙனம் கிடைத்த உறுப்புகளைக் கூட்டிப் பாடும் கருவி செய்வது கொழும்புக்குப் புதிதன்று. 1920 களின் முற்பகுதியில், இந்நகரின் மத்திய தந்தி அலுவலகத்துச் சிற்றறையொன்றிலே, எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளரும் அவர்தம் உதவியாளரும், கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டு ஓர் ஒலிபரப்பியைக் கட்டி, கிராமபோன் இசையைக் காற்றில் விட்டனர். போர்க்கருவியின் எலும்பிலிருந்து பிறந்தது பாட்டு. 1925 டிசெம்பரிற் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. 1967 இற் கூட்டுத்தாபனம் ஆயிற்று. அதன் தமிழ்ச் சேவையிலே 'சிறுவர் மலர்' கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. வானொலி மாமா என்று ஒருவர் இருந்தார். அவருக்குப் பின் மற்றொரு மாமா வந்தார். பிள்ளைகள் கேட்டவர் மட்டும் அல்லர். கலையகத்துக்குச் சென்று பாடினர், பேசினர், நடித்தனர். பின்னாளிற் பெயர் பெற்ற அறிவிப்பாளர் சிலர் அங்கே முளைத்தவர்களே. கேட்டற்கும் செய்தற்கும் இடமளித்த கருவி அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

கொட்டாஞ்சேனையில் வாழும் என் நண்பர், அவரும் பண்டிதரே, பாட்டுப் பெட்டியைக் கேள்வியுற்றதும் சினந்தார். 'பாட்டுப் பெட்டிக்குள்ளே இருந்தால் தாயின் நாவில் எதற்கு இருக்கப்போகின்றது? ஏட்டிலே எழுதத் தொடங்கிய அன்றே மனனம் குன்றத் தொடங்கிற்று. அச்சு வந்தது, இன்னும் குன்றிற்று. இனித் தாலாட்டும் கடைச்சரக்கா?' என்று கேட்டார். இவ்வெதிர்ப்பை எளிதில் தள்ளிவிட இயலாது. அமெரிக்காவின் வொஷிங்டன் பல்கலைக்கழகத்திலே பற்றிசியா கூல் என்னும் அறிஞரும் அவர் குழுவினரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வொன்று நண்பர் பக்கமே சாய்கின்றது. ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியை ஒரு பகுதியார் நேரிற் பேசியும் விளையாடியும் காட்டினர்; மற்றொரு பகுதிக் குழந்தைகளுக்கு அதே பேச்சு ஒலிப்பதிவாகவும் படமாகவும் கொடுக்கப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிரித்துணரக் கற்றன. பதிவிற் கேட்டவை கற்கவில்லை. ஒன்பதாம் மாதம் என்பது நம் புலவர் கணக்கிற் சப்பாணிப் பருவம். எதிரே ஒருவர் இருந்து கைகொட்டினாலன்றிப் பிள்ளை கைகொட்டாது. கருவி தாய் ஆகாது என்பதில் ஐயமே இல்லை.

எடிசனும் இதனை வேறு வழியில் அறிந்தார். 1877 இல் தம் போனோகிராப்பை ஆராய்ந்தபோது அவர் அதனுள் முதலிற் சொன்னது ஒரு குழந்தைப் பாட்டு. அதே கருவியைச் சிறிதாக்கிப் பொம்மையின் வயிற்றுள் வைத்து 1890 இல் விற்பனைக்கு விட்டார். முதுகிலுள்ள பிடியைச் சுழற்றினாற் பொம்மை பாட்டுச் சொல்லும். தொழிற்சாலையிலே இளம் பெண்கள் வரிசையாக அமர்ந்து அப்பாட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிந்தனர். எளிதில் உடைந்தது, குரல் கரகரத்தது, சில கிழமைகளிலேயே சந்தையிலிருந்து மீண்டது. இன்று அப்பதிவுகளைக் கேட்போர், அவை பிள்ளைகளை அச்சுறுத்தியிருக்கும் என்கின்றனர். யாரோ ஒருத்தி, யாருக்கென்றறியாத பிள்ளைக்குப் பாடிய பாட்டு அது.

ஆயின் நண்பர் கூற்றிலே ஒரு மறைவான அனுமானம் கிடக்கின்றது. தாய் பாடிக்கொண்டிருக்கின்றாள், பெட்டி வந்து அவள் வாயை மூடுகின்றது என்று அவர் கொள்கின்றார். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நான் காண்பது அது அன்று. ஆங்கே தாயும் தந்தையும் ஆறு மணிக்குப் பின் களைத்து வருகின்றனர். பிள்ளை உண்ண வேண்டும். கைத்தொலைபேசி தட்டருகே சாய்த்து வைக்கப்படுகின்றது. அதிலே ஆங்கிலமும் இந்தியும் எங்கோ வரையப்பட்ட பொம்மைகளும் ஓயாது ஓடுகின்றன. தமிழும் வருகின்றது, அது பெரும்பாலும் மொழிபெயர்த்த ஆங்கிலம். ஆகவே போட்டி தாயின் நாவுக்கும் பெட்டிக்கும் இடையே அன்று. தாயின் நா ஓய்ந்து நெடுநாளாயிற்று.

என் மாணாக்கர் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். பெட்டி முடிந்தது. அதனுள் இட்ட நினைவட்டை 32 ஜிகாபைட்; சாதாரண தரத்திலே 500 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பாட்டைக் கொள்ளும். எதனை இடுவது என்று கணவனும் மனைவியும் அமர்ந்தனர். திரைப்படப் பாட்டு வேண்டா என்று முடிவாயிற்று. பின்பு? பாலர் வகுப்பிற் கற்ற பாட்டில் ஒன்றின் முதற்பாதி அவருக்கு நினைவிருந்தது. நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டு மனைவிக்கு நினைவிருந்தது; அதுவும் இடையில் ஓரடி தவறியது. தாலாட்டு ஒன்றும் முழுதாக வரவில்லை. ஐந்நூறு மணித்தியாலம் கொள்ளும் பெட்டி. நிரப்புவதற்குக் கையிற் பத்து நிமிடப் பாட்டும் இல்லை! பெட்டியைச் செய்யாதிருந்தால் இவ்வெறுமை அவ்வீட்டாருக்குத் தெரிந்தே இராது. நான் இக்கருவியின் பக்கம் நிற்பதற்கு இதுவே முதற் காரணம். விலைக்கு வாங்கும் பெட்டி நிறைந்து வருகின்றது. அதிற் குரல் பதிய ஒரு வெற்றுப் பொம்மையும் கொடுக்கின்றனர் என்பது மெய்யே. ஆனால் நிறைந்த பெட்டியை வைத்திருப்பவர் வெற்றுப் பொம்மையைத் தேடுவது அருமை. வீட்டிற் செய்த பெட்டி வெறுமையாகப் பிறக்கின்றது. அது கேட்கின்றது: உங்களிடம் என்ன பாட்டு உண்டு?

அவர் தாயார் கொட்டாஞ்சேனையில் மூத்த மகளோடு இருக்கின்றார். வடமராட்சியிற் பிறந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒலிப்பதிவுக் கருவியும் கையுமாக மகன் புறப்பட, நானும் உடன் சென்றேன். அம்மையார் பாட மறுத்தார். குரல் போய்விட்டது என்றார்; மறந்துவிட்டது என்றார். மகன் வற்புறுத்தவே, 'பிள்ளை மடியில இல்லாமல் எப்பிடித் தம்பி தாலாட்டுறது?' என்று கேட்டார். எத்துணைப் பெரிய இலக்கணம்! தாலாட்டின் இலக்கணத்தை விரித்தெழுதிய நூலொன்றிலும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை. பேர்த்தியை மடியிற் கிடத்தினோம். பாட்டு வந்தது. ஒன்று முடியும்முன் மற்றொன்று வந்தது. தாலாட்டு நான்கு, கைகொட்டும் பாட்டு மூன்று, நிலாப் பாட்டு ஒன்று, நெல்லுக் குற்றும்போது பாடுவது ஒன்று, பிள்ளை சோறுண்ண மறுக்கும்போது காகத்தை அழைப்பது ஒன்று, மழையை விரட்டுவது ஒன்று. பதினொன்று. இவற்றில் இரண்டைத்தான் மகன் தன் வாழ்நாளில் முன்பு கேட்டிருந்தார்.

வீடு திரும்பியபின் மாணாக்கருக்கு இரண்டு ஐயம் எழுந்தன. இரண்டும் என்னிடம் வந்தன. முதலாவது, பதிவிலே தெருவிற் போகும் முச்சக்கர வண்டியின் ஒலியும், தேவாலய மணியும், இடையிடையே பிள்ளையின் மழலையும் கலந்துவிட்டன. மென்பொருளால் அவற்றை நீக்கித் தூய்மை செய்யலாமா என்பது. இரண்டாவதைத் தயங்கியே கேட்டார். 'அம்மா பழம் எண்டு பாடேல்லை, ஐயா, பளம் எண்டுதான் பாடுறா. பிள்ளை அதையே பழகிப்போடாதோ? சங்கீத ரீச்சர் ஒருவரைக் கொண்டு திருத்தமாய்ப் பாடுவிச்சால் என்ன?'

ழகரத்துக்காக முப்பது ஆண்டு வகுப்பறையிற் போராடியவன் நான். நாவின் நுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தடவப் பிறப்பது அவ்வொலி என்று தொல்காப்பியர் வகுத்ததைச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வாயைத் திறக்கச் செய்தவன். ஆயினும் 'அம்மாவின் பாட்டைத் தொடாதேயும், தம்பி' என்றே விடையிறுத்தேன். ழகரத்தைக் கற்பிக்கப் பள்ளிக்கூடம் இருக்கின்றது, ஆசிரியர் இருக்கின்றனர், பரீட்சையும் இருக்கின்றது. அந்த அம்மையாரின் எழுத்தசைவும் இழுப்பும் ஈற்றிற் சாயும் ஓசையும் கற்பிக்க எந்தப் பள்ளிக்கூடம் இருக்கின்றது? வடமராட்சித் தமிழ் திருத்தப்பட வேண்டிய பிழை அன்று; அது ஒரு வழக்கு. வழக்கும் செய்யுளும் என்று இரண்டையும் இணைத்து வைத்தே நம் இலக்கணம் தொடங்குகின்றது. செய்யுளைப் பேணுவோர் பலர். வழக்கினைப் பேணுவோர் யார்? திருத்தமாகப் பாடும் ஆசிரியையின் பாட்டையும் வேறோர் அட்டையில் இடலாம், எனக்கு மறுப்பில்லை. ஒன்றன் இடத்தில் மற்றதை வைப்பதே தகாது.

தெருவொலியையும் நீக்கவேண்டா என்றேன். அவர் பொறியியலாளர், அது அவருக்கு உறுத்திற்று. யாருக்கோ பாடிய பாட்டுக்கும் இந்தப் பிள்ளைக்குப் பாடிய பாட்டுக்கும் உள்ள வேறுபாடு அம்மழலையிலேதான் கிடக்கின்றது. எடிசனின் பொம்மையில் இல்லாதது அதுவே. கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: மூலப் பதிவு அப்படியே ஒருபுறம் இருக்கும், பெட்டியில் இடும் பிரதியில் முச்சக்கர வண்டிகள் மட்டும் சற்றுத் தணிக்கப்படும். தேவாலய மணி இருக்கின்றது. வடமராட்சித் தாலாட்டுக்குக் கொட்டாஞ்சேனை மணி தாளம் போடுவதும் ஒரு வரலாறுதானே.

கொழும்புத் தமிழ் ஒரு தமிழ் அன்று. இதனைப் பண்டிதர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கொட்டாஞ்சேனையிலே ஒரே மாடிப்படியில் யாழ்ப்பாணத்தாரும், மட்டக்களப்பாரும், மலையகத்தாரும், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிலேயே வாழ்ந்த கத்தோலிக்கத் தமிழரும் ஏறி இறங்குகின்றனர். சற்றப்பால் முஸ்லிம் மக்களின் தாலாட்டு வேறொரு சொல்வளத்தோடு ஒலிக்கின்றது. மலையகத் தாயின் தாலாட்டிலே கொழுந்துக் கூடையும் லயமும் வரும். மட்டக்களப்புத் தாயின் பாட்டிலே வாவி வரும். அச்சிட்ட பாலர் பாடநூலில் இவை அனைத்துக்கும் இடம் கிடையாது. கிடைக்கவும் இயலாது, நூல் ஒன்று, தமிழோ பல. முப்பதுகளில் வட இலங்கைத் தமிழாசிரியர்கள் 'பிள்ளைப் பாட்டு' என்று தொகுத்தளித்தது பெருந்தொண்டு, தமிழகத்திலே அழ. வள்ளியப்பா குழந்தைகளுக்கென்றே வாழ்நாளைக் கொடுத்தார். ஆனால் அவை எழுத்து. எழுத்துக்குக் குரல் இல்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நம் குடும்பங்கள் கடல் கடந்த பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒலிநாடாவிற் பேசி அனுப்பிய காலம் ஒன்றுண்டு. அந்நாடாக்களில் எத்தனையோ ஆச்சிமாரின் குரல் இருந்தது. பல பூஞ்சணம் பிடித்துப்போயின. பல, அவற்றை ஒலிக்கச் செய்யும் கருவி இன்மையால் அலுமாரியில் ஊமையாய்க் கிடக்கின்றன. அவற்றை எடுத்துப் பார்ப்பதற்கும் இப்பெட்டி ஒரு சாட்டு ஆகலாம்.

இனி, முன்னர் ஒத்திவைத்த குணத்தைக் கூறுகின்றேன். கைத்தொலைபேசியிலே ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டு தயாராய் நிற்கின்றது. தேர்பவன் பிள்ளை அல்லன். எங்கோ இருக்கும் ஒரு கணக்கு. அக்கணக்கின் நோக்கம் பிள்ளையின் மகிழ்ச்சி அன்று. பிள்ளை எழுந்து போகாமல் இருத்தல். பாட்டுப் பெட்டியிலே அட்டை பிள்ளையின் கையில் இருக்கின்றது. ஒரே பாட்டை இருபது முறை கேட்கவேண்டுமா, கேட்கும். நடுவில் நிறுத்தவேண்டுமா, அட்டையை எடுக்கும். மௌனம் வேண்டுமா, அப்பெட்டிக்கு மௌனமும் தெரியும். சிறுபறையிற் கோல் பிள்ளையின் கையில் இருந்தது போல இங்கும் ஒரு சிறு கோல் இருக்கின்றது. முழுக்கோல் அன்று, அதனை ஒப்புக்கொள்கின்றேன். பறையை முழக்கிய பிள்ளை ஓசையைத் தானே ஆக்கிற்று. பெட்டி ஆக்கியதைக் கொடுக்கின்றது. ஆதலால் பெட்டி வைத்திருக்கும் வீட்டில் ஒரு தகர டப்பாவும் அகப்பையும் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் இருத்தல் நன்று.

சென்ற மாதம் அம்மையார் வெள்ளவத்தைக்கு வந்திருந்தார். பேர்த்தி நிலாப் படம் ஒட்டிய அட்டையை எடுத்து வந்து, பெட்டியின் மேல் வையாமல், அப்பம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அம்மையார் பாடினார். இதனை நண்பருக்குச் சொன்னேன். 'பார்த்தீரா, கிழவியையும் இயந்திரமாக்கிவிட்டது பிள்ளை' என்றார் அவர். எனக்கோ, அந்தப் பிள்ளை இயந்திரத்தைக் கடந்து குரலுக்கு உரியவரைக் கண்டுகொண்டது என்று தோன்றுகின்றது. நாங்கள் இருவரும் இன்னும் உடன்படவில்லை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2013 முதல் உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு நடைபெறுகின்றது. அம்மாணவர் செய்யும் செயற்றிட்டங்களிலே இத்தகைய பெட்டியொன்று எளிதில் அடங்கும். தமிழாசிரியர் அவ்வாசிரியரிடம் சென்று பேசவேண்டும். பொதுவாக நாம் ஒருவர் அறைக்குள் ஒருவர் செல்வதில்லை. பெட்டியை அவர்கள் செய்யட்டும். பாட்டைத் தேடும் பணியை நம் வகுப்புகள் ஏற்கட்டும். தமிழ்மொழித் தினப் போட்டிக்கு ஒரே பாடலை நூறு பிள்ளைகள் மனனம் செய்கின்றனர். அதனோடு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டின் மூத்தவர் வாயிலிருந்து ஒரு பாட்டை, அவர் குரலிலேயே, பிறந்த ஊரின் பெயரையும் சொல்லுவித்துப் பதிந்து வரட்டும். புத்தகத்திலிருந்து எடுத்தது செல்லாது என்று முதலிலேயே விதித்துவிடுதல் வேண்டும். சேர்ந்த பாட்டுகளோடு பெட்டி, அருகிலுள்ள பாலர் பாடசாலைக்குச் செல்லட்டும். என் வகுப்பில் இவ்வாண்டு தொடங்கிவிட்டேன். இதுவரை வந்தவை இருபத்து மூன்று. அவற்றில் ஆறு திரைப்படப் பாட்டு என்று கண்டு திருப்பி அனுப்பினேன்.

கொட்டாஞ்சேனை அம்மையாருக்குப் பன்னிரண்டாவது பாட்டொன்று நினைவுக்கு வந்திருப்பதாக நேற்று மகன் சொன்னார். ஊஞ்சற் பாட்டாம், இரண்டு கண்ணிகள் மட்டும் வருகின்றனவாம், மற்றவை வடமராட்சியிலிருக்கும் தங்கைக்குத் தெரியுமாம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் இருவரையும் சேர்த்துப் பாடுவித்துப் பதியப் போகின்றோம்.